கட்டில் மெத்தையோடு வளை வாடகைக்கு

ஒரு காட்டில், செல்போன் கோபுரமும் விண்ணப்பப் படிவமும் வந்து சேர்ந்து, புலி மட்டும் கிளம்பிப் போய்விட்ட ஒரு காட்டில், செண்பகவடிவு என்று ஒரு வெள்ளெலி இருந்தாள். கவலைப்படுவதுதான் அவளுக்குத் தொழில். மழை பெய்தால் ஊர் நனைகிறதே என்று கவலை. பெய்யாவிட்டால் கதிர் விளையாதே என்று கவலை. இரண்டும் இல்லாத நாளில், இன்றைக்கு ஏன் ஒரு கவலையும் வரவில்லை, ஏதோ பெரிதாக வரப்போகிறது போலிருக்கிறதே என்று நெஞ்சைப் பிடித்துக்கொண்டு உட்கார்ந்துவிடுவாள்.

வேலமரத்தடி மேட்டில் அவளுக்குச் சொந்தமாக ஒரு வளை இருந்தது. முன்கட்டு, நடுக்கட்டு, பின்கட்டு என்று மூன்று கட்டு. எந்த மழைக்கும் தண்ணீர் ஏறாத இடம். புருஷன் அணைஞ்சான் சோற்றுக்கு மட்டும் வாய் திறக்கிறவன். ஒரே மகள் இசக்கியை ஓடைக்கு அக்கரையில் கட்டிக்கொடுத்திருந்தார்கள். அவள் உண்டாகியிருக்கிறாள் என்று சித்திரையில் சேதி வந்தது. கார்த்திகையில் பேறுகாலம். தலைப்பிரசவம் என்பதால் தாய்வீட்டில்தான் பார்த்தாக வேண்டும். பெண்ணைப் பெற்றவளுக்குச் சந்தோஷம் ஒரு நாள், செலவு ஆறு மாதம். குதிரில் இருப்பதோ நாலு மரக்கால் நெல்.

அந்தச் சமயம் பார்த்துத்தான் ஆள்காட்டிக் குருவி மாசிலாமணி ஆலமரத்தடியில் கூட்டம் போட்டார். வீடு பார்த்துக் கொடுக்கும் புரோக்கர். நீளக் கால், மஞ்சள் மூக்கு, எதற்கும் நிமிர்ந்து நிற்கிற தோரணை. வந்தவர்களுக்கெல்லாம் ஆளுக்கொரு நாவல்பழம் கொடுத்துவிட்டுப் பேச ஆரம்பித்தார்.

"தூங்கும்போதும் உங்க குதிருல நெல் விழணும். விழுதா? விழலை. ஏன் விழலை? வளையில நீங்களே குடியிருக்கீங்க. சொந்த வீட்டுல சொந்தக்காரனே குடியிருக்கிற மாதிரி ஒரு நஷ்டம் உலகத்துல கிடையாது."

இத்தனை காலம் இப்படி ஒரு நஷ்டத்துக்குள் படுத்து உறங்கியிருக்கிறோமே என்று பெருச்சாளி ஒருவர் தலையில் அடித்துக்கொண்டார்.

"வெறும் வளையை விட்டா மாசம் நாலு கதிர். கட்டில், மெத்தை, கண்ணாடி, ஏசின்னு சாமான் போட்டு விட்டா பன்னிரண்டு கதிர். வர்றவன் பையோட வருவான், பையோட போவான். வளை உங்களுது, சாமான் உங்களுது, வாடகை உங்களுது. அவனுதுன்னு என்ன இருக்கு? அந்தப் பைதான்."

"என் வீடு முதுகோட ஒட்டியிருக்கே, அண்ணாச்சி?" என்றது ஆமை.

"சொல்லுதேன். இருபது நாள் வெயில்ல காய்ஞ்சா எதுவும் கழண்டுரும்."

செண்பகவடிவு மெதுவாகக் கையைத் தூக்கினாள். "உங்க வீட்டை எத்தனை கதிருக்கு விட்டிருக்கீங்க, அண்ணாச்சி?"

மாசிலாமணி அவளைக் கனிவாகப் பார்த்தார். ஆள்காட்டிக் குருவிக்கு வீடு கிடையாது என்பது ஊருக்கே தெரியும். வெட்டவெளியில் நாலு கூழாங்கல்லை ஒதுக்கி அதன் நடுவே முட்டையிடுகிற வம்சம். "நான் சம்பாதிக்க வரலை, தங்கச்சி. சேவைக்கு வந்தேன்," என்றார்.

அந்த ஒரு வார்த்தையில் செண்பகவடிவு விழுந்துவிட்டாள்.

மறுநாளே நாலு மரக்கால் நெல்லையும் கொண்டுபோய்ப் பழைய சாமான் காக்கையிடம் அளந்தாள். தீப்பெட்டிக் கட்டில் மூன்று வந்தன. இலவம்பஞ்சு மெத்தை மூன்று. சோடா மூடியில் வாஷ்பேசின். ஷாம்பு பாக்கெட்டுகளைத் தைத்து போர்ஷனுக்குப் போர்ஷன் திரை. முன்கட்டுச் சுவரில் உடைந்த செல்போன் ஒன்றைச் சாத்தி வைத்தாள்.

"டிவி," என்றாள் புருஷனிடம்.

"ஓடுமா?"

"ஓடாது. ஆனா பெரிய திரை."

பின்சுவரில் காற்று வருகிற ஓட்டைக்குப் பல்பொடி டப்பா மூடியில் துளை போட்டுப் பொருத்தினாள். அது ஏசி. எல்லாம் முடிந்ததும் அணைஞ்சான் கட்டிலில் ஒரு நிமிஷம் உட்கார்ந்து பார்த்தான். அவ்வளவுதான், பாய்ந்து வந்தாள்.

"எந்திரிங்க! மெத்தை அமுங்கிரும். வர்றவன் புது மெத்தைன்னு நினைக்கணுமா வேண்டாமா?"

"அப்ப நாம எங்க படுக்க?"

"வயக்காட்டு வரப்புல நல்ல வெடிப்பா ஒண்ணு பாத்து வச்சிருக்கேன். ஓனருங்க எல்லாம் இப்ப அங்கதான் இருக்காங்க."

அது நிஜம்தான். வரப்பு முழுக்க ஓனர்கள். பெருச்சாளி, முள்ளெலி, மூஞ்சூறு என்று எல்லாரும் ஆளுக்கொரு மண்வெடிப்பில் ஒடுங்கிக்கொண்டு, எட்ட இருந்து தங்கள் தங்கள் வீட்டை ஆசையாகப் பார்த்துக்கொண்டிருந்தார்கள். சாப்பிட நெல் இல்லை. ஆனால் ஒவ்வொருவருக்கும் வாஷ்பேசின் இருந்தது.

செண்பகவடிவு மற்றவர்களைப் போல ஏனோதானோவென்று விடுகிறவள் இல்லை. வீடு கெட்டுப்போகுமே என்ற கவலையில் தூக்கம் போய், முப்பத்திரண்டு கேள்வியில் ஒரு படிவம் தயாரித்தாள். வீடு கேட்டு வருகிறவர்கள் அதை நிரப்பிக் கையெழுத்துப் போட்டால்தான் திரையையே விலக்குவாள்.

முதலில் கீரி வந்தான். வாட்டசாட்டமான ஆள், நல்ல மரியாதை.

"சைவமா, அசைவமா?" என்றாள்.

"பொய் சொல்லக்கூடாது, யக்கா. அசைவந்தான். ஆனா உங்க பக்கமே திரும்ப மாட்டேன். எனக்குப் பாம்புன்னாதான் உசிரு. நான் இருக்கிற தெருவுல ஒரு பாம்பு தலை நீட்டாது, கேட்டுப் பாருங்க."

"அசைவம்னா அசைவம்தான் தம்பி. நீ பாட்டுக்குப் பாம்பை வறுத்து வச்சா, அந்த வாடை மெத்தையில ஏறுமா ஏறாதா? வேற இடம் பாரு."

கீரி போனான். அடுத்து முயல் குடும்பம். பிள்ளைகள் எத்தனை என்றாள். "இப்போதைக்கு ஆறு," என்றாள் முயல்காரி. அந்த 'இப்போதைக்கு' செண்பகவடிவின் காதில் இடி மாதிரி விழுந்தது. ஆறும் கட்டிலில் ஏறிக் குதித்தால் தீப்பெட்டி தாங்குமா? இல்லை என்றாள். வௌவால் வந்து, "கட்டில் வேண்டாம், மேல ஒரு கொக்கி இருந்தா போதும்," என்றான். கட்டில் போட்ட வீட்டுக்கு வந்து கட்டில் வேண்டாம் என்கிறவனின் நடத்தையை எப்படி நம்புவது? அவனையும் அனுப்பினாள்.

வைகாசி முடிந்தது. ஆனியும் பாதிக்கு மேல் போயிற்று. ஆடி பிறந்துவிட்டால் ஒருவரும் குடிவர மாட்டார்கள். செண்பகவடிவு புல்விதை பொறுக்கித் தின்றுகொண்டு, நாளுக்கு இரண்டு முறை வளைக்குள் போய்க் கட்டில்களைத் தூசி தட்டிவிட்டு வந்தாள்.

அப்போதுதான் மாசிலாமணி ஒருவரைக் கூட்டிவந்தார். ஆள் நல்ல நீளம். தலையைக் குனிந்து வணங்கினார்.

செண்பகவடிவு ஒரே பாய்ச்சலில் புருஷனுக்குப் பின்னால் போய் நின்றாள். அணைஞ்சான் அதற்குள் அவளுக்குப் பின்னால் போயிருந்தான்.

"பயப்படாதே, தங்கச்சி," என்றார் மாசிலாமணி. "இவர் பேரு நாகமாணிக்கம். பெரிய இடம். ஊர்ப் பொம்பளைங்க வெள்ளிக்கிழமை தவறாம வந்து பால் ஊத்திக் கும்பிட்டுட்டுப் போறாங்க. பாலு மட்டுந்தான். அசைவக்காரனுக்கு யாராவது பால் ஊத்துவாங்களா, நீயே சொல்லு."

"இருந்த புற்று வசதியான இடம்தான் அம்மா," என்றார் நாகமாணிக்கம் தாழ்ந்த குரலில். "மஞ்சள்பொடி ஒத்துக்கொள்ளவில்லை. ஒரே தும்மல். கூட்டமும் அதிகம். அமைதியாக ஒரு இடம் கிடைத்தால் பச்சரிசியாகவே வாடகை கொடுத்துவிடுவேன். புற்றில் வைத்துவிட்டுப் போகிறார்கள், எனக்கு அது உபயோகமில்லை."

பச்சரிசி என்றதும் செண்பகவடிவு புருஷனை விலக்கிக்கொண்டு முன்னால் வந்தாள். இருந்தாலும் முறை என்று ஒன்று இருக்கிறதே. படிவத்தை எடுத்தாள்.

"அடுப்படியில மீன், கருவாடு?"

"நான் சமைக்கவே மாட்டேன். அடுப்பே வேண்டாம்."

"சாப்பாடு எத்தனை வேளை?"

"அமாவாசைக்கு ஒரு வேளை. உச்சிப்பொழுதில் குளித்துவிட்டுச் சாப்பிடுவேன். மற்ற நாளெல்லாம் சும்மாதான்."

செண்பகவடிவுக்குக் கண் கலங்கிவிட்டது. மாதம் முழுக்க விரதம்! தன் புருஷனைத் திரும்பி ஒரு பார்வை பார்த்தாள். அவன் வாயில் புல்விதை இருந்தது.

"சுவத்துல ஆணி அடிப்பீங்களா?"

"எதால் அடிப்பேன் அம்மா?"

"செருப்பை வாசலோட விடணும்."

"கால் இல்லையே."

"ரேடியோ, சத்தம்?"

"காது மந்தம். சத்தம் எனக்கு எதற்கு?"

"சொந்தக்காரங்க வந்து தங்குவாங்களா?"

"எங்கள் இனத்தில் யாரும் யார் வீட்டுக்கும் போவதில்லை."

முப்பத்திரண்டு கேள்விக்கும் முப்பத்திரண்டு தங்கமான பதில். கடைசியில், "உங்களுக்கு ஏதாவது கேக்கணுமா?" என்றாள் உபசாரத்துக்கு.

"ஒன்றே ஒன்று. அமாவாசை அன்றைக்குப் பக்கத்துப் போர்ஷன் காலியாக இருக்கக்கூடாது. எனக்குத் தனிமை ஒத்துக்கொள்ளாது. அதை மட்டும் எழுதிவிடுங்கள்."

"காலியா வச்சா எனக்குல்ல நஷ்டம்!" என்று சிரித்தாள். எழுதினாள். பதினோரு மாத ஒப்பந்தம். வாலால் ஒரு கோடு இழுத்தார், கையெழுத்தாயிற்று. பால் காய்ச்ச வேண்டுமே என்று அவள் சட்டியைத் தேடியபோது, "காய்ச்ச வேண்டாம் அம்மா, பச்சையாகவே குடித்துக்கொள்கிறேன்," என்றார். விறகும் மிச்சம்.

வரப்புக்குத் திரும்பும் வழியில் அணைஞ்சான் வாயைத் திறந்தான். "வடிவு, அது பாம்பு."

"பாம்புதான். இல்லேங்கலை. உங்களை மாதிரி குறட்டை விடாத பாம்பு."

முன்கட்டில் பெரிய மனிதர் ஒருவர் குடிவந்திருக்கிறார் என்ற பேச்சிலேயே, அதே வாரம் நடுக்கட்டுக்கு ஆள் வந்துவிட்டார்கள். புதுசாகக் கல்யாணமான சுண்டெலி ஜோடி. ஆளுக்கொரு பை. பத்து மாத வாடகையை அட்வான்ஸாகக் கொண்டுவந்து கொட்டினார்கள். செண்பகவடிவு நெற்குதிருக்குள் எட்டி எட்டிப் பார்த்துக்கொண்டாள்.

ஆடி அமாவாசைக்கு மறுநாள் தூசி தட்டப் போனபோது நடுக்கட்டு காலியாக இருந்தது. பைகள் மட்டும் கட்டிலுக்கடியில் இருந்தன.

"எங்கே போனாங்க?" என்று நாகமாணிக்கத்தைக் கேட்டாள்.

"இனி வரமாட்டார்கள் அம்மா," என்றார். முகத்தில் ஒரு நிறைவு. உடம்பும் கொஞ்சம் பூசினாற்போல் இருந்தது.

செண்பகவடிவு யோசித்தாள். ஆடி மாசம். புதுப்பெண்ணைத் தாய்வீட்டுக்குப் பிரித்து அழைத்துப் போகிற மாசம். அவளைப் பெற்றவர்கள் வந்து கூட்டிப் போயிருப்பார்கள். இருப்புக்கொள்ளாமல் இவனும் பின்னாலேயே போயிருப்பான். இந்தக் காலத்துப் பிள்ளைகள்! சொல்லாமல் கொள்ளாமல் காலி செய்தால் அட்வான்ஸ் திரும்பக் கிடையாது என்று அவளே எழுதிய ஒப்பந்தத்தில் இருந்தது. அதை இரண்டு முறை வாசித்தாள். வாசிக்க வாசிக்க மனசு லேசாயிற்று.

ஆவணியில் நெல் கிடங்கில் வேலை பார்க்கிற எலி ஒருவர் வந்தார். அமாவாசையோடு அவரையும் காணவில்லை. மாற்றல் ஆகியிருக்கும் என்று செண்பகவடிவு சொன்னாள். சர்க்கார் உத்தியோகம், இன்றைக்கு இங்கே, நாளைக்கு எங்கேயோ. புரட்டாசியில் தவளைக் குடும்பம், நாலு பேர். அது மகாளய அமாவாசை, பெரிய அமாவாசை. தவளைகள் ஒரு இடத்தில் நிலைக்காது என்று சொன்னாள். ஐப்பசியில் ஒரு ஓணான். ஓணானைப் பற்றி ஒன்றும் சொல்லவில்லை. சொல்வதற்குக் காரணங்கள் தீர்ந்துபோயிருந்தன.

"போறவங்க எல்லாம் எங்கதான் போறாங்க, வடிவு?" என்றான் அணைஞ்சான்.

"எனக்கென்ன தெரியும்? நான் ஓனரா, போலீஸா?"

"இல்ல, பையை விட்டுட்டுல்ல போறாங்க."

"சாமான் போட்ட வீட்டுக்கு வந்து போனவங்களுக்குப் பை எதுக்கு? நீங்க பேசாம அந்தப் பச்சரிசியைச் சாப்பிடுங்க."

சாப்பிட்டான். நல்ல அரிசி. குதிர் நிறைந்து, இரண்டாவது குதிரும் கட்டியாகிவிட்டது. வரப்பிலிருந்த மற்ற ஓனர்கள் அவளைக் கண்டால் எழுந்து நின்றார்கள். "எப்படித்தான் உங்க போர்ஷன் மட்டும் மாசாமாசம் ஆள் மாறி அட்வான்ஸ் வருதோ, மதினி," என்று பெருச்சாளிக்காரி பெருமூச்சு விட்டாள். "ஆளைப் பாத்து விடணும்," என்பாள் செண்பகவடிவு. அதில் பொய் ஒன்றும் இல்லை. ஆனாலும் அன்றாடம் பகலில், ஒரு காரணமும் இல்லாமல், அவளுக்கு உள்ளங்கால் வியர்க்கும். நாலு மரக்கால் நெல் இருந்தபோது இருந்த கவலை இரண்டு குதிர் நெல்லுக்கும் போதவில்லை. புதுக் கவலை வேறு மாதிரியானது. அதற்குப் பேர் வைக்க அவள் விரும்பவில்லை.

மாசிலாமணிக்கும் கொண்டாட்டம்தான். ஆள் மாறினால் புதுக் கமிஷன். காட்டில் ஒரு மாதிரியாகப் பேச்சுக் கிளம்பியபோதுகூட அவர் அசரவில்லை. "அந்த வீட்டுக்குப் போனவங்க திரும்பலைன்னு பேசிக்கிறாங்களாம். பேசட்டும். திரும்ப மனசு வராத வீடுன்னு நான் சொல்லிக்கிறேன்," என்றார். ஒரு பொய்யைப் பத்துப் பேரிடம் சொல்கிறவன் பதினோராவது ஆளாகத் தானே அதை நம்பிவிடுவான் என்பது தொழில் நியாயம்.

கார்த்திகை பிறந்தது. அடைமழை பிடித்துக்கொண்டது. அமாவாசைக்கு மூன்று நாள் இருக்கும்போது ஓடையில் வெள்ளம் ஏறுவதற்குள் கரை தாண்டி, இசக்கி வயிற்றைத் தூக்க முடியாமல் தூக்கிக்கொண்டு வந்து நின்றாள்.

வரப்பு வெடிப்பில் தண்ணீர் இடுப்பளவு நின்றது.

"இங்கயா பெறணும் நான்?" என்றாள் இசக்கி. "நம்ம வீடு என்னம்மா ஆச்சு?"

"அது வாடகைக்கு ஓடிக்கிட்டிருக்கு, தாயி. நல்லா ஓடிக்கிட்டிருக்கு."

"வீடு எப்படிம்மா ஓடும்?"

செண்பகவடிவு மகளைக் கைத்தாங்கலாகப் பின்வழியாகக் கூட்டிப்போய், அதுவரை ஆள் அமையாமல் கிடந்த பின்கட்டில் கட்டிலில் படுக்க வைத்தாள். மெத்தை அமுங்கியது. அமுங்கட்டும். பிறகு முந்தானையை இழுத்துச் செருகிக்கொண்டு முன்கட்டுக்குப் போய்த் திரைக்கு வெளியே நின்று கனைத்தாள்.

"வாருங்கள் அம்மா," என்றார் நாகமாணிக்கம்.

"ஐயா, மக பிரசவத்துக்கு வந்திருக்கா. ஒரு மூணு மாசம் நீங்க வேற இடம் பாத்துக்கிட்டீங்கன்னா… அட்வான்ஸை முழுசா கொடுத்துர்றேன். அரிசியையும் திருப்பிக் கொடுத்துர்றேன்."

"பதினோரு மாத ஒப்பந்தம் அம்மா. ஐந்துதான் ஆகிறது. நான் ஏதாவது குறை வைத்தேனா?"

"இல்லை."

"ஆணி அடித்தேனா? சத்தம் போட்டேனா?"

"இல்லைங்க."

"பின்னே? மகள் வந்தது சந்தோஷம்தான். வீடு நிறையும். குழந்தைகள் எத்தனை இருக்கும்?"

"பத்து, பதினொண்ணு…" என்று பழக்கதோஷத்தில் பெருமையாகச் சொல்லிவிட்டு நாக்கைக் கடித்துக்கொண்டாள்.

நாகமாணிக்கம் தலையை அவள் பக்கம் திருப்பினார். அவர் கண்ணுக்கு இமை கிடையாது. அதனால் அவர் யோசிக்கிறாரா, பார்க்கிறாரா என்று சொல்ல முடியாது.

"நான் ஒளித்துப் பேசுகிறவன் இல்லை அம்மா. நீங்கள் கேட்காததால் சொல்லவில்லை, அவ்வளவுதான். அமாவாசை உச்சிப்பொழுதுக்கு நடுக்கட்டில் ஆள் இருந்தால் எனக்கு அதோடு சரி. காலியாக இருந்தால் பின்கட்டு வரைக்கும் போகவேண்டி வரும். எழுதிக் கொடுத்ததும் நீங்கள்தான்."

அத்தனை மாதமாகப் பேர் வைக்காமல் வைத்திருந்த கவலை அப்போது பேரோடும் ஊரோடும் எழுந்து நின்றது. ஆடியிலும் ஆவணியிலும் யார் வீட்டுப் பிள்ளைகளோ என்று இருந்தது. இப்போது தன் வீட்டுப் பிள்ளை. செண்பகவடிவு அப்படியே மழைக்குள் இறங்கினாள்.

மூன்று நாளும் மழையில் அலைந்தாள். வீடு வீடாகப் போய்க் கெஞ்சினாள். அட்வான்ஸ் வேண்டாம் என்றாள், வாடகை வேண்டாம் என்றாள், அரிசியும் தருகிறேன் என்றாள். சலுகை கூடக் கூட கேட்பவர்கள் ஒவ்வொரு அடியாகப் பின்னால் போனார்கள். கீரியைத் தேடிப் போனாள். அவன் ஓடைக்கு அக்கரையில் ஒரு தெருவையே காவல் காக்கிறானாம். நடுவில் வெள்ளம் சுழித்துக்கொண்டு போயிற்று. மகளை வேறு எங்காவது தூக்கிப் போகலாமென்றால் காடு முழுக்கத் தண்ணீர். மேடு என்று இருந்தது இந்த ஒன்றுதான்.

அமாவாசை விடிந்தது. இசக்கிக்கு வலி கண்டுவிட்டது.

"நடுக்கட்டுல நான் போய்ப் படுத்துக்கிறேன், வடிவு," என்றான் அணைஞ்சான். திடீரென்று சொன்னான். அவன் வாயில் ஒன்றும் இல்லை.

செண்பகவடிவு அவனை ஒரு கணம் பார்த்தாள். கட்டின நாளிலிருந்து அப்படிப் பார்த்ததில்லை.

"நீங்க போய்ட்டா பேறுகால மருந்து யார் இடிக்கிறது? சுக்கை எடுங்க."

முன்கட்டில் நாகமாணிக்கம் குளிக்கிற சத்தம் கேட்டது. வாஷ்பேசினில் தண்ணீர் தளும்பியது. உச்சிப்பொழுதுக்கு இன்னும் ஒரு நாழிகை. பின்கட்டில் இசக்கி பல்லைக் கடித்துக்கொண்டு முனகினாள்.

அந்த நேரத்தில் வாசலில் ஒரு குரல். "தங்கச்சி! தங்கச்சியோவ்!"

மாசிலாமணி நின்றுகொண்டிருந்தார். இறகெல்லாம் ஒட்டி, மூக்கு நுனியில் தண்ணீர் சொட்ட, வழக்கம்போல வாசலுக்கு வெளியே. "இந்த மாசம் ஆளே அமையலை, தங்கச்சி. மழை பாரு. அடுத்த மாசம் ரெண்டு பேராக் கொண்டாரேன். போன மாச ஓணான் கமிஷன் பாக்கி இருக்கே, அதை வாங்கிட்டுப் போகலாம்னு வந்தேன்."

செண்பகவடிவு அவரைப் பார்த்தாள். சாமான் போட்ட வீட்டுக்கு இத்தனை பேரைக் கூட்டிவந்த மனுஷன் இதுவரை ஒருநாளும் உள்ளே கால் வைத்ததில்லை.

"கமிஷன் எங்க ஓடிருது, அண்ணாச்சி," என்றாள். "எம்புட்டு நேரம் நனைவீங்க? உள்ள வாங்க. நடுக்கட்டு சும்மாதான் கிடக்கு."

"எனக்கு எதுக்கு, தங்கச்சி? நாங்க கூரைக்குக் கீழே இருந்து பழகாத சாதி."

"பழகாமலேதான் எல்லாருக்கும் சொல்லிக்கிட்டிருந்தீங்களா? ஒரு அஞ்சு நிமிஷம் சாஞ்சு பாருங்க. நாளைக்கு யாராவது மெத்தை எப்படின்னு கேட்டா, அனுபவத்துல சொல்லலாம்ல."

அவர் தயங்கினார். மழை ஒரு அடி அடித்தது. குனிந்து உள்ளே வந்தார். நீளக் காலை மடக்கி, கட்டிலில் பட்டும் படாமலும் உட்கார்ந்தார். அப்புறம் சாய்ந்தார். இலவம்பஞ்சு மெத்தை அவரை அப்படியே வாங்கிக்கொண்டது.

"அடேயப்பா," என்றார். கண்ணை மூடிக்கொண்டார். "இதையா தங்கச்சி நான் வெறும் பன்னிரண்டு கதிருக்குப் பேசி முடிச்சேன்? எங்க அம்மால்லாம் கல்லு மேல கிடந்தே போய்ச் சேந்தா. இந்த இடத்துக்கு நானே குடிவந்துரலாம் போலிருக்கே. அட்வான்ஸ் எம்புட்டு?"

பின்கட்டிலிருந்து இசக்கி "அம்மா!" என்று கத்தினாள்.

"அட்வான்ஸ் வேண்டாம், அண்ணாச்சி," என்றாள் செண்பகவடிவு. "கமிஷன்ல கழிச்சுக்கலாம்."

படிவத்தைக் காட்டவில்லை. சைவமா அசைவமா என்று கேட்கவில்லை. ஷாம்பு பாக்கெட் திரையை இழுத்து விட்டுவிட்டு, மகளிடம் ஓடினாள்.

சத்தம் ஒன்றும் கேட்கவில்லை. நாகமாணிக்கம் ஒப்பந்தத்தில் இருந்தபடியே நடந்துகொண்டார்.

பதினோரு குஞ்சுகள். எல்லாம் சுகம். அணைஞ்சான் மருந்து உலக்கையோடு நின்றபடியே அழுதான். சாயங்காலம் முன்கட்டுத் திரை விலகி, நாகமாணிக்கம் தலையை மட்டும் நீட்டினார்.

"இறகு கொஞ்சம் அதிகம். மற்றபடி குறை சொல்வதற்கில்லை. குழந்தைகள் நலமா?"

"நலந்தாங்க."

"அழுகிற சத்தம் எனக்குத் தொந்தரவில்லை. காது மந்தம். வளரட்டும், அவசரமில்லை," என்று சொல்லிவிட்டு உள்ளே போய்ச் சுருண்டுகொண்டார்.

'வளரட்டும்' என்றாரே, அது என்ன வளரட்டும் என்று செண்பகவடிவு பதினோரு தலையையும் மாறி மாறித் தடவினாள். அடுத்த அமாவாசைக்கு இருபத்தொன்பது நாள். ஒப்பந்தம் முடிய இன்னும் ஆறு அமாவாசை. புரோக்கரும் இல்லை.

மறுநாள் மழை விட்டது. செண்பகவடிவு வளை மேட்டில் ஏறி நின்று தொண்டையைச் சரிசெய்துகொண்டாள். கீழே ஓடைக்கரையில் புது முகமாக ஒரு பெண் எலி, கையில் பை, நனைந்த இரண்டு குட்டிகளோடு நின்று யாரிடமோ வழி கேட்டுக்கொண்டிருந்தாள்.

"ஏம்மா, உன்னைத்தான்! வீடு பாக்கியா?" என்று கூப்பிட்டாள் செண்பகவடிவு. "நடுக்கட்டு, கட்டில் மெத்தையோட. பிள்ளைங்க இருந்தா இன்னும் விசேஷம். வா தாயி, வா. நாங்களும் இதே வீட்லதான் இருக்கோம்."

நீதி: குறை சொல்ல முடியாத வாடகைதாரர் கிடைப்பது அரிது. கிடைத்துவிட்டால், அவர் பசியாறும் நாளைக் கேட்டு வைத்துக்கொண்டு, அன்றைக்கு அடுத்தவர் வீட்டுப் பிள்ளைகளை அன்போடு வரவேற்க வேண்டும்.